ராசிக்காரியின் பன்னிரண்டாவது வீடு

அந்தக் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் சமைத்து, துவைத்து, படுத்து எழுந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். வாங்கினவர்களைக் கேட்டால் அவரவர் வீட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டாம் மாடி முன்வீட்டில் எந்தக் குழாய் முனகும், கீழ் மூலைவீட்டில் எந்தச் சுவரோரம் எறும்பு வரும் என்று மொத்தக் கட்டடத்தையும் ஒப்பிக்கக்கூடியவள் ராசிக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கட்டடத்தைக் கட்டி விற்கிற முதலாளியின் மேனேஜர் ஒருநாள் விளையாட்டாக ராசிக்காரி என்று கூப்பிட, கொத்தனாரிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவன். ரசமட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு அதற்கு மூக்கு தொடுகிற மாதிரி குனிந்து பார்ப்பான். உள்ளே இருக்கும் குமிழி ஒரு முடி அளவு விலகினாலும் ஒட்டினதைப் பெயர்த்துவிடுவான். அப்படிப்பட்டவன் கையில் பன்னிரண்டு வீட்டுத் தரையும் ஆனது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால், கட்டடம் முக்கால்வாசி எழும்பியிருந்த சமயத்தில் வீட்டு விலை படுத்துவிட்டது. இந்தப் பக்கம் ரயில் வரும் என்றார்கள், ஏறியது. வராது என்றார்கள், விழுந்தது. வரும், ஆனால் ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் என்றார்கள். ஏறுவதா இறங்குவதா என்று விலைக்கே தெரியவில்லை. முதலாளி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி அலைந்தார். வாசல் பலகையில் விலையை அழித்து அழித்து எழுதிக் கை ஓய்ந்துபோன மேனேஜர், எண்களைத் தனித்தனித் தகடாகச் செய்து கொக்கியில் மாட்டிவிட்டார். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் பலகையைப் பார்த்துத்தான் அன்றைக்கு முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார்கள்.

அப்போது இவர்கள் இருந்த வரிசை வீட்டை எவனோ வாங்கி இடித்துவிட்டான். நடுத்தெருவில் நிற்காத குறை. பரிதாபப்பட்டு மேனேஜர்தான் கீழ் மூலைவீட்டைத் திறந்துவிட்டார். "தரை வேலை முடியிற வரைக்கும் இருந்துக்கப்பா. காவலுக்கும் ஒரு ஆளாச்சு" என்றார். அதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது, ஒரு வீடும் போணியாகவில்லை.

காலி வீடு ஒரு விசித்திரம். சாமான் இல்லாவிட்டால் விசாலமாகத் தெரியும் என்றுதான் நாம் நினைப்போம். நிஜத்தில் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். பேசினால் திருப்பிப் பேசும். ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் காலி வீட்டைப் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். போகிற வழியில் வெளிவாசல் என்று நினைத்து இவள் வீட்டுக் கதவைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே இவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. வந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இது எவ்வளவு?" என்று கேட்டாள். பதினைந்தாம் நாள் இவர்கள் இருந்த வீடே விற்றுப்போனது. இவர்களைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் போனது.

மூன்றாவதும் போனபிறகுதான் மேனேஜருக்கு மண்டையில் உறைத்தது. "உன் கால் பட்ட வீடுதாம்மா போகுது. நீ என்ன மாயம் பண்றியோ, முதலாளிக்கும் சொல்லிட்டேன். இனிமே வாடகைன்னு ஒண்ணும் கிடையாது. எந்த வீடு நிக்குதோ அதுல இரு. ஆள் வந்தா காட்டு" என்றார். அன்றிலிருந்து குடும்பமே வியாபாரச் சரக்கோடு சேர்ந்துகொண்டது.

அதற்கென்று சட்டதிட்டமெல்லாம் உண்டு. ஆணி அடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது, அன்றைக்குத்தான் ஆள் வரும். முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புக்கு மேல் இருந்தால் வீடு நெருக்கடியாகத் தெரியுமாம், அதனால் மகளின் செருப்பு எப்போதும் சமையல் மேடைக்குக் கீழே. ஆபீசிலிருந்து ஒரு சோபா, ஒரு ஜன்னல் திரை, பிளாஸ்டிக் பூ வைத்த ஒரு கண்ணாடி ஜாடி கொடுத்திருந்தார்கள். இவர்கள் வீடு மாறும்போது அந்த மூன்றும் கூடவே மாறும்.

பேச்சு மட்டும் இவளுடைய சொந்தச் சரக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "காலைல ஒன்பது மணி வரைக்கும் இங்க வெயில் இருக்கும், துணி காஞ்சிடும். மழைக்காலத்துல குளியலறைக் கதவு கொஞ்சம் உப்பும், தூக்கிச் சாத்தினா சாத்திக்கும். மேல்வீட்டுக்காரர் காலைல இருமுவாரு, மத்தபடி தங்கமான மனுஷன்." குறையைச் சொல்கிறாளே என்று மேனேஜர் முதலில் பதறினார். கதவு உப்பும் என்று சொன்னால், மற்றதெல்லாம் நிஜம் என்று வந்தவர்கள் நம்பிவிடுகிறார்கள் என்பது அவருக்குப் போகப்போகத்தான் புரிந்தது. ராசிக்காரி அதையெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னாள்.

முதல் வீட்டை விட்டபோது அவள் அழுதது உண்மை. இரண்டாவதற்கும் கண் கலங்கினாள். நாலாவதில், ஜன்னல் வழியாகத் தெரிகிற மரத்தைப் பார்த்துப் பழகிவிட்டதே என்று ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆறாவதிலிருந்து அப்படி ஒன்றும் ஆகவில்லை. விற்றாச்சு என்றால் நாற்பது நிமிஷத்தில் சாமான் கட்டி முடிப்பாள். கடைசிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றும்போது, அடுத்த வீட்டில் அது எந்தத் தட்டில் உட்காரும் என்று கை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும். "உனக்கு வருத்தமாவே இல்லையா?" என்று மகள் ஒருதடவை கேட்டாள். "எதுக்குடி?" என்று இவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

பத்து வீடு போனபிறகு டைல்ஸ்காரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "இன்னும் ரெண்டே ரெண்டு. அதுவும் போயிட்டா நாம எங்க போறது? பொண்ணு பத்தாவது வேற" என்றான். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், ஆள் வந்து போனபிறகு, மூன்று பேருமாக வாடகைக்கு வீடு தேடிக் கிளம்பினார்கள்.

விற்கிற வீடு மலிந்து கிடந்த ஊரில் வாடகை வீடு மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தது. வாங்கப் பயந்தவன் எல்லாம் வாடகைக்குத்தானே வருவான்! புரோக்கர் ஒருவன், வாயில் பல்குச்சியைச் சுழற்றிக்கொண்டே, மாடிமேல் மாடியாக ஏற்றி இறக்கினான். ஓர் அறை காட்டினான்; கட்டில் போட்டால் கதவு திறக்காது, கதவு திறக்கணும் என்றால் கட்டில் போடக் கூடாது. இன்னொன்று லாண்டரிக் கடைக்கு மேலே, தரை நாள் முழுக்கச் சுடும்.

"குளிர்காலத்துல சௌகரியமா இருக்கும்ங்க" என்றான் புரோக்கர்.

"வெயில்காலத்துல?"

"வெயில்காலத்துல வீட்டுல யாருங்க இருக்கா?"

டைல்ஸ்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராசிக்காரி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

மூன்றாவது இடத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. இன்னும் காலி செய்யவில்லை. அந்த வீட்டுப் பெண் சுவரோடு சுவராக நின்று வழி விட்டாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. புரோக்கர் அவளை ஒரு தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்து காட்டினான். ராசிக்காரி அந்தப் பெண்ணைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள். இவள் ஒன்றுமே கேட்காமல் வெளியே வந்துவிட்டாள்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல நீ?" என்று இறங்கி வரும்போது புருஷன் எரிந்து விழுந்தான். "தண்ணி எப்போ வரும், வெளிச்சம் எப்படின்னு ஊருக்கெல்லாம் சொல்ற. நமக்குன்னு வந்தா வாயில கொழுக்கட்டையா?"

"கேட்டுட்டுத்தான் என்ன ஆகப்போகுது?"

"வீட்டுக்கு வீடு நாந்தான் பேசணுமா?"

"நீங்களே பாருங்க. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அவள் சலிப்பில் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். சலிப்பாக இருந்திருந்தால் தேவலை. நிஜமாகவே ஒன்றாகத்தான் தெரிந்தது.

பதினோராவது வீடும் போய், மேல்மாடிப் பின்வீடு மட்டும் நின்றது. பன்னிரண்டாவது. அதில் இவர்கள் குடியேறி ஏழு மாதம் ஆகியும் ராசி வேலை செய்யவில்லை. விலை இறங்கிக்கொண்டிருந்ததால், இன்னும் இறங்கட்டும் என்று வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு அப்படியே போனார்கள். முதலாளிக்கு அலுத்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முப்பத்தாறு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாயிற்று, இந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ அவருக்கு நேரமில்லை. மேனேஜர் சமயம் பார்த்து இவர்களைப் பற்றி அவர் காதில் போட்டார். ஒருநாள் மூச்சிரைக்க நாலு மாடி ஏறி வந்து சொன்னார்:

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். முப்பதாம் தேதிக்குள்ள போகலேன்னா உங்களுக்கே வாடகைக்கு விட்டுடறேன்னுட்டார். அஞ்சு வருஷத்துக்கு எழுத்துல. உங்களால முடிஞ்ச வாடகைதான், நான் பேசிட்டேன். பத்திரம் அடிச்சு என் மேஜை டிராயர்லயே வெச்சிருக்கேன், முப்பத்தொண்ணாம் தேதி கையெழுத்து."

டைல்ஸ்காரனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "சார், நடுவுல யாராவது வந்துட்டா?"

மேனேஜர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பலகையை நான் எடுக்க முடியாது, முதலாளி கண்ணுல படும். வந்தா, குடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிடுங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டைல்ஸ்காரன் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். வீடே மணக்கப் பொரித்துச் சாப்பிட்டார்கள். மகள், "அப்பா, ஒரே ஒரு ஆணி" என்றாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, கம்பி போகாத இடமாகத் தேடி, ஓர் ஆணி அடித்துக் கொடுத்தான். அவள் தன் படிப்பு அட்டவணையை ஓர் அட்டையில் ஒட்டி அதில் மாட்டினாள். கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை. மேடைக்குக் கீழே இருந்த செருப்பையும் கொண்டுவந்து வாசலில் விட்டாள். அப்பனும் மகளும் மாறி மாறி அதைச் செய்யலாம், இதைச் செய்யலாம் என்று பேசினார்கள். சமையலறைக்கு ஒரு தட்டு அடிக்கலாம், ஜன்னலோரம் ஒரு மேஜை போடலாம்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று மகள் கேட்டாள்.

ராசிக்காரி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "இருக்கிறதே போதும்டி" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. கால் மரத்துப்போனால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி அவள் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வரவில்லை. வரும், கையெழுத்தானால் வரும் என்று விட்டுவிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல். புருஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலைக்குக் கிளம்பினான். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே, "யாராவது வந்தா?" என்று கேட்டான்.

"குடுத்தாச்சுன்னு சொல்லிடறேன்."

"இன்னைக்கும் நாளைக்கும்தான். அப்புறம் ராஜா மாதிரி காலை நீட்டிப் படுக்கலாம்." மகளும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

பதினொரு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். திறந்தால் நனைந்த குடையோடு ஒரு பெண், இவள் வயசுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் வழுக்கையில் ஈரம் மின்ன ஒரு மனுஷன், இடுப்பு பெல்ட்டில் அளவு டேப்.

"கீழே பலகை பாத்தோம். ஒரு வீடு இருக்காமே?" என்றாள் அந்தப் பெண்.

ராசிக்காரி வாயைத் திறந்தாள். பொய் சொல்லக் கூசியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து மனசு இளகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அப்போது அவள் முகத்தையே இவள் சரியாகப் பார்க்கவில்லை. கதவு திறந்தது, ஆள் நின்றது, வாய் சொன்னது: "வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல, தொடச்சுக்கலாம்."

உள்ளே வந்ததும் அந்த மனுஷன் டேப்பை உருவினார். சுவரைத் தட்டினார். மண்டியிட்டுத் தரையை விரலால் தடவினார். "தரை மட்டமா இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்.

"ரசமட்டம் வெச்சுப் பாத்து ஒட்டினது. ஒரு கல்லுலகூட அடியில வெத்துச் சத்தம் கேக்காது. தட்டிப் பாருங்க" என்றாள் ராசிக்காரி.

தட்டினார். கேட்கவில்லை. ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

அந்தப் பெண் எதையும் தட்டவில்லை, திறக்கவில்லை. சமையலறை வரைக்கும் வந்தவள், "ஒரு நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க. இது நாப்பத்திமூணாவது வீடு."

"அய்யோ! நாப்பத்திமூணா?"

"அவரு நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. ரெண்டு வருஷமாச்சு. தபால் ஆபீஸ்ல வேலை எனக்கு. லீவு நாளெல்லாம் வீடு பாக்கிறதுலயே போயிடுது. ஒரு வீடு பிடிக்கும், இவரு விலை இறங்கட்டும்பாரு. இறங்கும். இன்னும் இறங்கட்டும்பாரு. ஒரே வாரத்துல ஏறிடும். அப்புறம் எங்க கைக்கு எட்டாது."

"நான் சொன்னபடி இறங்கிச்சா இல்லையா?" என்று கூடத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"இறங்கிச்சுங்க. அன்னைக்கே எவனோ வாங்கிட்டுப் போயிட்டான்."

ராசிக்காரி டீக்கு அடுப்பை மூட்டினாள். வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது வழக்கம். "அந்த ஜன்னலைத் திறங்க" என்றாள். அந்தப் பெண் எழுந்து திறந்தாள். தூறலோடு காற்று வந்தது. "சமைக்கிறப்ப புகை நிக்காது. பின்பக்கமா இருக்கிறதால வண்டிச் சத்தம் இல்ல. மத்தியானம் மூணு மணிக்கு மேல வெயில் வரும், கண்ணைக் குத்தாது. தண்ணி டேங்க் தலைக்கு மேலயே இருக்குதா, நிரம்பும்போது கொஞ்சம் சத்தம் கேக்கும். பத்து நாள்ல பழகிடும். நாலு மாடி ஏறணும், அது ஒண்ணுதான். நடு மாடியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டா போதும்."

"எல்லாத்தையும் இப்படிச் சொல்றீங்களே! மத்த இடத்துல எல்லாம், சீக்கிரம் சொல்லுங்க, இன்னொரு பார்ட்டி கீழ நிக்குதுன்னுதான் விரட்டுவாங்க. டீ குடுத்த முதல் ஆள் நீங்கதான்."

டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். சுவரில் சிவப்பும் பச்சையுமாக அட்டவணை தொங்கியது. "யாரு, பொண்ணா? என்ன படிக்கிறா?"

"பத்தாவது. பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. படிக்கிறதுக்கு இந்த அறை ரொம்பத் தோது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் லைட் போட வேண்டாம். பாருங்க, அந்த ஜன்னலோரமா ஒரு மேஜை போட்டுட்டா போதும்."

"எங்க பையன் ஒன்பதாவது" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் மாறியது. "ஏங்க, இங்க வாங்களேன்."

அவர் வந்தார். இரண்டு பேரும் ஜன்னலருகில் நின்று மெதுவாகப் பேசினார்கள். ராசிக்காரி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். இந்த மாதிரிப் பேச்சு எதில் முடியும் என்று அவளுக்கு அத்துப்படி. சத்தம் தாழ்ந்தால் நல்லது. தாழ்ந்து, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தால் முடிந்தது. சிரிப்பு வந்தது.

"இன்னும் கொஞ்சம் இறங்கும்னுதான் எனக்குத் தோணுது" என்றார் அவர் கடைசி முயற்சியாக.

"இறங்கட்டும். நாம இறங்கிப் போக வேண்டாம். எனக்குக் காலு போதும் போதும்ங்குது." அவள் ராசிக்காரியிடம் திரும்பினாள். "யார்கிட்டம்மா பேசணும்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கதவு திறந்திருந்தது, வாய் இருந்தது. ராசிக்காரி சுவரோரம் பிளாஸ்டிக் பூ ஜாடிக்கு அடியிலிருந்து மேனேஜர் நம்பர் போட்ட சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மேனேஜர் வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மழையா வேர்வையா என்று தெரியவில்லை. வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார், முன்பணம் வாங்கினார், கை குலுக்கினார். அவர்கள் இறங்கிப் போகும்போது அந்தப் பெண் ராசிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருந்த வீடுன்றதாலதான் தைரியமா வாங்கறோம்" என்றாள். ராசிக்காரி தலையாட்டினாள்.

படிச்சத்தம் ஓய்ந்ததும் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா ராசி, உனக்கு என்ன ஆச்சு? நாளைக்கு ஒரு நாள்தானே பாக்கி? குடுத்தாச்சுன்னு ஒரே வார்த்தை!"

"ஆமா சார்."

"மறந்துட்டியா?"

"இல்ல சார். ஞாபகம் இருந்துச்சு."

"அப்புறம்?"

அவள் கவிழ்த்து வைத்த டம்ளர்களை எடுத்துத் துடைத்து அடுக்கினாள். திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் அவர் கொஞ்சநேரம் தவித்தார். "முதலாளிக்குப் போன் பண்ணிட்டேன், குதிக்கிறாரு மனுஷன். புது சைட்டுல உன்னைத்தான் முதல்ல வைக்கணும்னு சொல்றாரு. முப்பத்தாறு வீடும்மா! ஆனா கீழ்த்தளம் எழும்பவே ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும்..." என்று இழுத்தார். அதுவரைக்கும் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. "பதினைஞ்சு நாள் டைம் கேட்டிருக்கேன், அவங்க சரின்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பதினைந்து நாள் இருந்தது. ஆனாலும் ராசிக்காரி உடனே உட்கார்ந்து பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். விற்றால் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலரை மணிக்கு மகள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். சுற்றி வைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கம் திரும்பவில்லை.

ஆறு மணிக்குப் புருஷன் வந்தான். முழங்கை வரைக்கும் சிமெண்டுப் பால் காய்ந்து வெளுத்திருந்தது. அவளே சொல்லிவிட்டாள்.

"வந்தாங்க. வாங்கிட்டாங்க."

அவன் கையில் இருந்த சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தான். "காலைல என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"குடுத்தாச்சுன்னு சொல்லச் சொன்னீங்க."

"சொன்னியா?"

"இல்ல."

அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் ஒருவேளை அவளுக்கும் ஏதாவது வந்திருக்கும். அவன் கதவோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "மூணரை வருஷமா ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் குனிஞ்சு குனிஞ்சு தரை ஒட்டினேன். இது ஒண்ணுலதான் நிமிர்ந்து உக்காரலாம்னு இருந்தேன்" என்றான். பிறகு எழுந்து கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் உள்ளறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சாம்மா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடி."

"மேனேஜர் திட்டுவாருன்னு பயந்தியா?"

"அவரே நம்ம பக்கம்தானே. பயம் எதுக்கு?"

"வாடகை குடுக்க முடியாதுன்னு நினைச்சியா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா? இது எங்க வீடுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ராசிக்காரி கையில் இருந்த கிண்ணத்தையும் துணியையும் மடியில் வைத்தாள். மகளுக்காவது நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். எவ்வளவு தேடியும் ஒன்றுதான் அகப்பட்டது.

"அந்த நேரத்துல, இது நம்ம வீடுன்னு எனக்குத் தோணவே இல்லடி."

"எனக்குத் தோணுச்சும்மா" என்றாள் மகள்.